காசிப் பக்கத்துப் பந்தெறிவாளர் இருவர்



மட்டக்களப்பு வாவி நாற்புறமும் சூழ்ந்து கிடக்கும் புளியந்தீவிலே வெபர் மைதானம் என்னும் விளையாட்டரங்கை அறியாதார் இலர். அவ்வரங்கு தாங்கி நிற்கும் பெயர் ஓர் அமெரிக்கத் துறவியின் பெயர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் நியூ ஒர்லியன்ஸ் பகுதியிலிருந்து இயேசு சபைத் துறவிகள் பலர் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்து கல்விப் பணி ஆற்றினர். அவர்களோடு கூடைப்பந்தாட்டமும் கப்பலேறி வந்தது. புனித மிக்கேல் கல்லூரி மாணவர் அவ்வாட்டத்தில் நாடறிந்த பெயரெடுத்தனர். ஆனால் அத்துறவிகளின் தாயகத்திலே பாட்டன் முதற் பேரன் ஈறாக எல்லாரையும் பித்தாக்கி வைத்திருக்கும் வேறோர் ஆட்டம் வாவிக்கரையில் வேரூன்றவில்லை. அதுவே பேஸ்போல்.

வேரூன்றாமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கிரிக்கெட் ஒருபுறமிருக்க, எல்லே ஆட்டம் ஏற்கனவே இங்கு இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களிலும் பாடசாலைப் போட்டிகளிலும் எல்லே ஆடியவர்க்குப் பேஸ்போலை விளக்குவது எளிது. மூங்கிற் கழியாற் பந்தை அடித்துவிட்டு, வட்டமாக ஓடி, இடையிலுள்ள தரிப்பிடங்களில் நின்று, இறுதியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓட்டம். மூன்று தடவை மாத்திரமே அடிக்கும் வாய்ப்பு. பேஸ்போலும் இவ்வாறே. வேறுபாடு யாதெனின், எல்லேயில் அடிப்பவர் நாயகர். பேஸ்போலில் எறிபவர் நாயகர். அறுபது அடி ஆறு அங்குலத் தூரத்திலே சிறிய மண்மேடொன்றில் நின்று, பதினேழு அங்குல அகலமுள்ள தட்டுக்கு மேலாக, அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே அவர் பந்தைச் செலுத்த வேண்டும். அடிப்பவர் தவறவிட்டாலும், அடியாது விட்டாலும், அது அவருக்கு ஒரு குறை. குறை மூன்றானால் அவர் வெளியேற வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தின் பந்தைப் பத்தொன்பது வயது அளவில்தான் முதன்முதலாகக் கையில் எடுத்த இந்திய இளைஞர் இருவர், அடுத்த ஆண்டிலே அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றின் சீருடை தரித்து ஆடினர். அவர்கள் ஆடிய 2009ஆம் ஆண்டுப் பருவமே இன்றைய பேச்சின் பொருள்.

அவ்விருவரில் ஒருவர் ரிங்கு சிங். கம்பள நெசவுக்குப் பெயர்போன பதோஹிப் பகுதிக் கிராமத்தவர். தந்தையார் லொறிச் சாரதி. ஒன்பது பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்துக்கு இருந்தது ஓரறை வீடு. மற்றவர் தினேஷ் பட்டேல். காசிமாநகருக்கு அணித்தான கான்பூர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். (தோற்றொழிற்சாலைகள் நிறைந்த பெருநகரான கான்பூர் வேறு, இது வேறு.) இருவரும் லக்னோவிலுள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியிலே பயின்றவர்கள். அங்கே அவர்கள் கற்றது ஈட்டி எறிதல்.

2008ஆம் ஆண்டு, ஜே. பி. பேர்ன்ஸ்ரைன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர், தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து இந்தியாவிலே ஒரு போட்டியை நடத்தினார். போட்டியின் பெயர் 'மில்லியன் டொலர் ஆம்', அதாவது பத்து இலட்சம் டொலர் பெறுமதியான புயம். கிரிக்கெட் ஆடும் நூறுகோடி மக்களிடையே பந்தை விரைவாக எறியவல்ல ஒருவரேனும் இருக்கமாட்டாரா என்பது அவர் கணக்கு. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் ஏற்ற கணக்கு என்பதையும் மறைத்தற்கில்லை. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர் ஊரூராகத் திரண்டு வந்து எறிந்து பார்த்தனர். பத்து இலட்சம் டொலரைப் பெறுதற்குரிய வேகத்தையும் குறியையும் ஒருசேரக் காட்டியவர் எவருமிலர். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதலிடம் பெற்று 1,00,000 டொலர் பரிசு பெற்றார். இரண்டாமிடம் பட்டேலுக்கு.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கிரிக்கெட் வீரரைத் தேடிப் போனவர்க்குக் கிடைத்தவர் இருவரும் ஈட்டி எறிபவர். இது வியப்பன்று. கிரிக்கெட்டில் பந்து வீசுவோர் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிதல் குற்றம். முத்தையா முரளிதரன் 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் மெல்பேர்ண் மைதானத்திலே அக்குற்றம் சாட்டப்பட்டு, நடுவரின் கை மீண்டும் மீண்டும் நீண்டதை இலங்கையர் எவரும் மறந்திரார். பேஸ்போலிலோ முழங்கையை மடக்கி நிமிர்த்துவதே எறிதலின் உயிர். சிறு வயது முதல் நேரான கையோடு பந்து வீசிப் பழகியவர்க்கு அது வாய்ப்பது அரிது. ஈட்டி எறிபவர்க்கோ தோளும் முழங்கையும் ஏற்கனவே அவ்வழியிற் பழகியிருக்கும்.

ஆயினும் ஈட்டி எறிதல் வேறு, பந்தெறிதல் வேறு. எண்ணூறு கிராம் நிறையுள்ள ஈட்டியை ஓடிவந்து வானை நோக்கி எறிய வேண்டும். அது எங்கே விழுந்தாலும் வரையறைக் கோடுகளுக்குள் இருந்தாற் போதும். ஐந்து அவுன்ஸ் நிறையுள்ள பந்தையோ, ஒரு காலை மேட்டிலுள்ள பட்டையில் ஊன்றிக்கொண்டு, கீழ்நோக்கி, கைக்குட்டை அளவான வெளிக்குள் எறிய வேண்டும். அப்படி ஒரு பந்தன்று, நூறு பந்து. ஒவ்வொரு பந்தின் தையலிலும் விரல்கள் அமரும் இடத்தை மாற்றினால் பந்தின் போக்கு மாறும். நேரே விரைவது ஒன்று, வளைவது ஒன்று, கையின் வேகம் குறையாமலே தான் மாத்திரம் மெதுவாகச் சென்று அடிப்பவரை ஏமாற்றுவது மற்றொன்று. அமெரிக்கச் சிறுவர் ஆறேழு வயதிலிருந்து பழகும் இவற்றையெல்லாம் இவ்விருவரும் சில திங்களிற் கற்க வேண்டியிருந்தது. அதுவும் அறியாத மொழியிலே.

2008 மே மாதம் அவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தனர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மைதானத்திலே அவர்களைப் பயிற்றியவர் ரொம் ஹவுஸ். இவர் ஒருகாலத்தில் அற்லாண்டா அணியின் எறிவாளர். 1974 ஏப்பிரில் 8ஆம் நாள் ஹாங்க் ஆரன் தமது 715ஆவது பெரிய அடியை அடித்துப் பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, வேலிக்கப்பால் விழுந்த அப்பந்தை ஏந்தியவர் இவரே. எறிதலின் உடற்கூற்றையும் உளநூலையும் முறையாகக் கற்றவர். அத்தகைய ஒருவர் வாய்த்தது அவ்விளைஞரின் நல்லூழ் எனலாம். மாணாக்கன் எத்துணைத் திறமையுள்ளவனாயினும், கையை எங்கே வைப்பது என்று பொறுமையோடு சொல்லிக்கொடுப்பார் ஒருவர் வேண்டுமல்லவா?

அவ்வாண்டு நவம்பர் மாதம் அரிசோனா மாநிலத்து ரெம்பி நகரிலே, பல அணிகளின் முகவர் முன்னிலையில் இருவரும் எறிந்து காட்டினர். நவம்பர் 24ஆம் நாள் பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கப் பெரிய அணியொன்றுடன் பேஸ்போல் ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் இவர்கள்.

2014ஆம் ஆண்டில் ஹொலிவுட்டார் இக்கதையைப் படமாக்கினர். ஏ. ஆர். ரகுமான் அதற்கு இசையமைத்தார். பார்த்தவர் பலர் இருக்கக்கூடும். அந்தப் படத்தின் கதை ஒப்பந்தத்தோடு நிறைவுறுகிறது. இன்பமான முடிவு, கண்ணீர் துடைக்கக் கைக்குட்டை, திரை விழுகிறது. ஆனால் ஒப்பந்தமென்பது பாடசாலை அனுமதிப் பத்திரம் போன்றது. அதனை வாங்கியவன் தேர்வெழுதியவன் ஆகான். பைரேற்ஸ் அணி விளம்பரத்துக்காகவே இவர்களை எடுத்தது என்று அந்நாளிற் பேசினோர் உண்டு. அந்தப் பேச்சை வாயாற் பேசி மறுத்தற்கியலாது. மைதானத்தில் ஒருவரையேனும் எறிந்து வெளியேற்றிக் காட்டினாலன்றி, இவ்விருவரும் பரிசு பெற்ற வேடிக்கை மனிதராகவே நின்றிருப்பர்.

அமெரிக்கப் பேஸ்போலிலே தொலைக்காட்சியிற் காணும் பெரிய லீக்கை அடையுமுன் ஏறவேண்டிய படிகள் பல. அவற்றுள் அடிப்படியில் இருந்தது புளோரிடா மாநிலத்து வளைகுடாக் கரை லீக். 2021ஆம் ஆண்டு அதன் பெயரும் மாற்றப்பட்டுவிட்டது. பள்ளி விட்டு வந்த பையன்களும், டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகளிலிருந்து வந்த இளைஞரும் ஆடும் இடம் அது. ஆட்டங்கள் பயிற்சித் திடல்களிலே பகல் வெயிலில் நடக்கும். பார்வையாளர் சிலரே. ஆடியும் ஆவணியும் மட்டக்களப்பிலே கச்சான் காற்று வீசும் காலம். அதே காலத்துப் புளோரிடா வெயிலும் புழுக்கமும் வாவிக்கரை மக்களுக்குப் புதியன அல்ல. பிராடென்ரன் நகரிலுள்ள பைரேற்ஸ் பயிற்சி நிலையமே அவ்விருவரின் இல்லமாயிற்று.

அந்த ஆண்டு தாய் அணியின் நிலையும் சொல்லத்தக்கது. பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் 2009இலே 62 ஆட்டங்களில் வென்று 99 ஆட்டங்களில் தோற்றது. தொடர்ச்சியாகப் பதினேழு ஆண்டுகள் வெற்றியிலும் தோல்வி மிகுந்த பருவங்கள். வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு வரலாற்றிலே அதுவரை எந்தப் பெரிய அணியும் அடையாத அவப்பெயர் அது. ஒரு காலத்தில் ரொபேட்டோ கிளமென்ரே என்னும் போட்டோ ரிக்கோத் தீவினர் ஆடிய அணி இது. நிகரகுவா நாட்டு நிலநடுக்கத்தில் நொந்தோர்க்கு உணவும் மருந்தும் ஏற்றிச் செல்கையில் 1972 டிசம்பர் 31ஆம் நாள் விமான விபத்தில் உயிர் நீத்த பெருமகன் அவர். தீவுகளிலிருந்து வந்தோரை வரவேற்றுப் பழகிய அணி, வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தேடிக் காசிப் பக்கம் திரும்பியதில் அதிசயமில்லை.

யூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் சுதந்திர தினம். நாடெங்கும் வாணவேடிக்கை. அன்றுதான் சிங்கும் பட்டேலும் முதன்முதலாக மேட்டில் ஏறினர். அமெரிக்காவில் தொழில்முறைப் பேஸ்போல் ஆடிய முதல் இந்தியர் என்னும் பெயர் அன்று அவர்களுக்காயிற்று. பந்தைக் கையிலெடுத்து ஒன்றரை ஆண்டு நிறையவில்லை.

ரிங்கு சிங் இடக்கை எறிவாளர். அவர் எறியுமுன் முழங்காலை மடக்கி உயர்த்தி, ஒற்றைக் காலில் ஒருகணம் அசையாது நிற்கும் வழக்கமுடையவராயிருந்தார். அமெரிக்கர் அதனைப் பூநாரைக்கு ஒப்பிட்டனர். மட்டக்களப்பு வாவியின் ஆழமற்ற கரையிலே, நீரையே நோக்கி ஒரு காலில் நிற்கும் கொக்கைக் காலையிற் கண்டவர்க்கு அந்த நிலையை வேறு விளக்கம் இன்றியே கண்முன் கொணரலாம். கொக்கு நிற்பது சோம்பலால் அன்று. அது போலவே ரிங்கு சிங்கும் நின்றார் போலும்.

யூலை 13ஆம் நாள். எதிரணி நியூயோர்க் யாங்கீஸின் இளைஞர் அணி. யாங்கீஸ் என்னும் பெயரைக் கேட்டாலே அமெரிக்கர் பாதிப்பேர் மகிழ்வர், பாதிப்பேர் முகஞ்சுழிப்பர். அவ்வளவு பெயரும் பணமும் படைத்த நிறுவனம் அது. ஏழாவது இனிங்சிலே ரிங்கு சிங் அழைக்கப்பட்டார். அவர் எதிர்கொண்டவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை மூன்று குறைகளால் வெளியேற்றினார். அவ்வளவே. ஆட்டத்திலே பைரேற்ஸ் இளைஞர் வென்றனர். வெற்றி ரிங்கு சிங்கின் பெயரில் எழுதப்பட்டது. தொழில்முறைப் பேஸ்போலில் வெற்றி பெற்ற முதல் இந்தியக் குடிமகன் அவரானார்.

ஒருவரை மாத்திரம் வெளியேற்றியவர்க்கு ஓர் ஆட்டத்தின் வெற்றி எவ்வாறு உரியதாகும் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதே. பேஸ்போலிலே ஒரு பழைய விதி உண்டு. அணி முன்னிலை பெற்று, அந்த முன்னிலையை இறுதிவரை இழக்காதிருந்தால், முன்னிலை பெற்ற வேளையில் அவ்வணியின் எறிவாளராயிருந்தவர் பெயரில் வெற்றி பெரும்பாலும் எழுதப்படும். அவர் ஏழு இனிங்ஸ் எறிந்தாரா, ஒரே ஒருவருக்கு எறிந்தாரா என்று விதி பார்ப்பதில்லை. வேறு பலர் உழைத்த ஆட்டத்தின் பலன் ஒருவர் கணக்கில் விழுவதும், நாள்முழுதும் நன்றாக எறிந்தவர் வெறுங்கையோடு போவதும் அங்கு நாளாந்த நிகழ்ச்சி. ஆகவே விதியின் உதவி அன்று ரிங்கு சிங்குக்கு இருந்தது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

ஆனால் மூன்று குறைகளை விதி எறியவில்லை. எதிரே மட்டையோடு நின்றவர் சிறுவயது முதல் அவ்வாட்டத்தை ஆடி, நாட்டின் பெயர்பெற்ற நிறுவனத்தாற் தெரிந்தெடுக்கப்பட்டவர். அவரை அசைவித்து, அல்லது அசையாது நிற்கவைத்து, ஆசனத்துக்கு அனுப்பியது லக்னோவில் ஈட்டி எறிந்து உரமேறிய இடக்கை. அந்த ஒரு நிமிடத்தில் போட்டியுமில்லை, பரிசுமில்லை, விளம்பரமுமில்லை. மேட்டில் நின்றவர் ஒரு பேஸ்போல் எறிவாளர்.

பருவம் முழுவதையும் கணக்கிட்டால் ஏடு அத்துணை இனிமையாக இராது. ரிங்கு சிங் 11 ஆட்டங்களில் எறிந்தார். ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. ஒன்பது இனிங்சுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.84. இது நல்ல எண்ணன்று. நான்குக்குக் கீழிருந்தால் ஓரளவு நன்று என்பர், மூன்றுக்குக் கீழாயின் மிக நன்று. ஆனால் சராசரியென்பது எப்போதும் முழு உண்மையையுஞ் சொல்லுவதில்லை. முதல் தவணையில் இருபது புள்ளியும் கடைசித் தவணையில் எழுபது புள்ளியும் எடுத்த மாணாக்கனின் சராசரி நாற்பத்தைந்து. அந்த நாற்பத்தைந்தை மாத்திரம் பார்க்கும் ஆசிரியர் அவனை அறியாதவர். ரிங்கு சிங் தமது கடைசி ஆறு ஆட்டங்களில் எதிரணியாரை மூன்றே தடவைதான் நன்றாக அடிக்க விட்டார். தொடக்கத்தில் அடிபட்ட கையே முடிவில் அடங்காத கையாயிற்று. தவறு எங்கே என்று ஒவ்வொரு நாளும் அறிந்து திருத்தியவர் அல்லாது பிறர்க்கு இது கூடுவதில்லை.

பட்டேலுக்கு அப்பருவத்தில் எறியக் கிடைத்த வாய்ப்புகள் குறைவு. பந்தெறி கலையில் வலக்கையர் ஆயிரம் பேர் உளர், இடக்கையரோ அருமை. அணிகள் இடக்கையர்க்குப் பொறுமை காட்டுதல் இயல்பு. பட்டேல் வலக்கையர். இருவரும் ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து, ஒரே கல்லூரியிலிருந்து, ஒரே விமானத்திற் போனவர்கள். எனினும், எந்தக் கையால் எறிகிறார் என்பதுங்கூட ஒருவர்க்கு விளையாட்டில் எவ்வளவு காலம் அளிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைக் கொடுமை என்பதா, தொழில் என்பதா?

2010 டிசம்பரில் பைரேற்ஸ் அணி பட்டேலை விடுவித்தது. அவர் தாயகம் திரும்பிப் படிப்பைத் தொடர முற்பட்டார். ரிங்கு சிங் அங்கேயே நின்று படிப்படியாக ஏறினார். பென்சில்வேனியாவின் ஸ்ரேட் கொலிஜ் நகர அணி, மேற்கு வேர்ஜீனியா அணி, மழைகாலத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பரா அணி என ஆடிச் சென்றார். 2012ஆம் ஆண்டு மேற்கு வேர்ஜீனியாவிலே 39 ஆட்டங்களில் எறிந்த அவரது சராசரி 3.00. முன் சொன்ன 5.84ஐ நேயர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அதன் பின்னர் முழங்கை நொந்தது. எறிவாளர் பலரை வீட்டுக்கு அனுப்பிய அதே நோவு. முழங்கையின் பந்தகத்தைப் புதிதாகக் கட்டும் சத்திரசிகிச்சையும் நடந்தது. ஆண்டுகள் காத்திருப்பிற் கழிந்தன. பெரிய லீக்கின் மைதானத்தில் அவர் ஒருநாளும் எறியவில்லை. 2018ஆம் ஆண்டு அவர் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனமாகிய டபிள்யூ. டபிள்யூ. ஈ.யுடன் ஒப்பந்தம் செய்தார். பின்னர் வீர் மஹான் என்னும் பெயரோடு, நெற்றியிலே திலகமும் கழுத்திலே உருத்திராக்கமும் அணிந்து அரங்கேறினார். அந்த அரங்கைச் சூழ ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்தனர். 2009 யூலை 13ஆம் நாள் பிற்பகல் அந்தத் திடலிலே அத்துணை பேர் இருக்கவில்லை.